இடுப்பிலே ரிவால்வர், பையிலே பட்டியல்



ஏலம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடன் கட்ட முடியாதவன் வீட்டு வாசலில் நின்று பேர் சொல்லிக் கூவுவது ஏலம். நாலு பேர் பார்க்க, நம்ம மாட்டையும் மோட்டாரையும் அடிமாட்டு விலைக்கு அடித்துக்கொண்டு போவது ஏலம்.

இன்னொரு ஏலத்தைக் கேளுங்க. 2021 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், ஒரு பழைய ரிவால்வர் ஏலத்துக்கு வந்தது. 1881-ல் பேட் கேரட் என்ற ஷெரீப் ‘பில்லி தி கிட்’ என்ற வாலிபனைச் சுட்டுக் கொன்ற ரிவால்வர். என்ன விலைக்குப் போனது தெரியுமா? 60 லட்சம் டாலருக்கு மேல்! ஒரு ஆளைக் கொன்ற இரும்புத் துண்டுக்கு அவ்வளவு மதிப்பு. அந்த நாட்டுச் சட்டத்தில் இன்னொரு வசதியும் உண்டு. 1898-க்குள் செய்த துப்பாக்கி என்றால் அது ‘பழம்பொருள்’. புதுத் துப்பாக்கிக்கு இருக்கிற கெடுபிடி பலவும் அதுக்குக் கிடையாது. வயசானால் துப்பாக்கிக்கும் பாவம் கழிந்துபோகும் போலிருக்கு!

அந்த ரிவால்வரைச் செய்தது கோல்ட் என்ற கம்பெனி. 1873-ல் வந்த வார்ப்பு. ஆறு தோட்டா போடும் உருளை. ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலை இழுத்து வைத்துத்தான் சுட முடியும். இடுப்பில் இருக்கும்போதே தவறி வெடித்துவிடும் என்று பயந்து, விவரம் தெரிந்தவர்கள் அஞ்சு தோட்டாதான் போடுவார்கள். சுத்தியலுக்கு நேரே இருக்கிற ஒரு அறையைக் காலியாக விடுவார்கள். அதுக்கு அவர்கள் வைத்த செல்லப் பேர் ‘சமாதானம் செய்பவன்’. நல்லாத்தான் செய்தது சமாதானம்!

நாம் இங்கே பேச வந்தது அந்த ஷெரீப்பைப் பற்றி அல்ல. அந்தக் காலத்தில் ரிவால்வரை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு, மாட்டுக் கம்பெனிகளிடம் கூலி வாங்கிக்கொண்டு, சின்ன விவசாயிகளைத் தேடித் திரிந்த ஒரு அடியாளைப் பற்றி. பேர் ஃபிராங்க் கேன்டன். இடம் அமெரிக்காவின் மேற்கே வயோமிங். ஆண்டு 1892.

130 வருஷத்துக்கு முந்தின அமெரிக்கக் கதை நமக்கு எதுக்கு என்று கேட்பீர்கள். முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லுங்க, எதுக்கு என்று.

புறம்போக்கு யாருடையது?

வயோமிங் பெரும் புல்வெளி பூமி. நிலம் அரசாங்கத்துடையது, நம்ம பேச்சில் சொன்னால் மேய்ச்சல் புறம்போக்கு. 1870-களிலும் 80-களிலும் பெரும் பணக்காரர்கள் அங்கே வந்து இறங்கினார்கள். அமெரிக்கப் பணம் மட்டும் இல்லை. இங்கிலாந்துப் பணமும் ஸ்காட்லாந்துப் பணமும் வந்தது. எடின்பரோவில் பங்கு விற்று, வயோமிங்கில் மாடு மேய்த்தார்கள். வாடகை கிடையாது, குத்தகை கிடையாது, தீர்வை கிடையாது. அரசாங்கப் புல்லைத் தின்று கம்பெனி மாடு கொழுத்தது. அந்த முதலாளிகள் ஷையன் நகரத்தில் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வயோமிங் கால்நடை வளர்ப்போர் சங்கம். சட்டசபையும் அவர்கள் கையில். கவர்னர் மாளிகையும் அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில்.

இன்னொரு பக்கம், 1862-ல் அமெரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் போட்டிருந்தது. நிலமில்லாதவன் மனுப் போட்டு, சின்னக் கட்டணம் கட்டி, 160 ஏக்கரில் குடிசை போட்டு, அஞ்சு வருஷம் தங்கிப் பாடுபட்டால் அந்த நிலம் அவனுக்குப் பட்டா. (அந்த நிலமும் அங்கே ஆதியில் இருந்த செவ்விந்திய மக்களிடமிருந்து பறித்ததுதான். அதை மறைத்துவிட்டு நாம் பேசக்கூடாது.) அந்தச் சட்டத்தை நம்பி ஏழை பாழைகள் வந்தார்கள். கம்பெனியில் மாடு மேய்த்த கூலிக்காரர்களும் ஓடையோரம் ஒரு துண்டு நிலம் பிடித்து, நாலு மாடு வாங்கி விட்டார்கள்.

கம்பெனிக்குப் பொறுக்குமா? புல் எவ்வளவு இருந்தாலும் தண்ணீர் ஓடையில்தானே இருக்கிறது! ஓடையோரத்து 160 ஏக்கரை ஒரு ஏழை வேலி போட்டுக்கொண்டால், அதுக்குப் பின்னால் இருக்கிற ஆயிரக்கணக்கான ஏக்கர் கம்பெனி மாட்டுக்கு உதவாது. சண்டை மாட்டுக்காக என்று வெளியே சொன்னார்கள். அடியில் இருந்தது தண்ணீரும் நிலமும்தான்.

துப்பாக்கிக்கு முன்னே வந்தது சட்டம்

நல்லா கவனியுங்க. கம்பெனி எடுத்த எடுப்பில் துப்பாக்கியைத் தூக்கவில்லை. முதலில் தூக்கியது பேனாவை.

1884-ல் ஒரு சட்டம் வந்தது. திறந்த வெளியில் ஆயிரக்கணக்கான மாடு ஒன்றாக மேயும். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திரட்டி, கன்றுகளுக்கு அவரவர் அடையாளச் சூடு போடுவார்கள். தாயைப் பிரிந்து சூடு போடாமல் திரிகிற கன்று யாருடையது என்பதுதான் கேள்வி. சட்டம் சொன்னது: மாடு திரட்டும் அதிகாரம் முதலாளிகள் சங்கத்துக்கு மட்டுமே. சூடில்லாத கன்றெல்லாம் அந்தச் சங்கத்துக்கே. சங்கம் அதை ஏலம் விடும். ஏலத்தில் கேட்க ஜாமீன் கட்ட வேண்டும். சங்கத்தின் கறுப்புப் பட்டியலில் பேர் இருக்கிறவன் கேட்கவே முடியாது.

அந்த ஏலப் பணம் எங்கே போனது? மாட்டு இன்ஸ்பெக்டர்களுக்கும் துப்பறியும் ஆட்களுக்கும் சம்பளமாகப் போனது! அதாவது ஏழை வீட்டுக் கன்றை எடுத்து, விற்று, அந்தக் காசிலேயே ஏழையை மிரட்டுகிறவனுக்குக் கூலி. நம்ம வீட்டு விறகை எடுத்து நம்ம கூரைக்கே கொள்ளி வைப்பது என்பது இதுதான்.

அது மட்டுமா? கம்பெனியில் வேலை பார்க்கும் ஆள் சொந்தமாக மாடு வைத்திருந்தால் அவனுக்கு எந்தக் கம்பெனியிலும் வேலை கிடையாது என்றார்கள். 1891-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அரசாங்கக் கால்நடை வாரியம், ‘மாடு திருடுகிறவன்’ என்று சந்தேகப்பட்டவர்கள் சந்தைக்கு அனுப்பிய மாடுகளை அங்கேயே பிடித்துக்கொண்டது. விற்ற பணத்தையும் வைத்துக்கொண்டது. ‘இது என் மாடு’ என்று அவன்தான் வந்து நிரூபிக்க வேண்டும். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. பட்டியலில் பேர் இருக்கிறது, அவ்வளவுதான்!

திருடன் என்ற சொல்

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே மாட்டுத் திருட்டே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. நடந்தது. கம்பெனிக் கன்றுக்குத் தன் சூட்டைப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. கம்பெனி வழக்குப் போட்டால் ஊர் ஜூரிகள் தண்டனை கொடுக்கவில்லை என்பதும் முதலாளிகளின் புகார். திருடனைப் பிடித்து, சாட்சி வைத்து, கோர்ட்டில் நிறுத்துவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒருத்தன் திருடினான் என்பதைக் காட்டி, ஊரில் இருக்கிற சின்ன விவசாயி அத்தனை பேரையும் திருடன் என்று எழுதினார்கள் பாருங்கள், அது நியாயமா? சூடில்லாத கன்றைப் பல வருஷமாக அந்தப் பெரிய பண்ணைகளும்தான் எடுத்தன. பெரியவன் எடுத்தால் வழக்கம். சின்னவன் எடுத்தால் திருட்டு!

1889 ஜூலை 20. ஸ்வீட்வாட்டர் ஆற்றுப் பக்கம் எல்லா வாட்சன் என்ற பெண்ணையும் ஜிம் அவெரெல் என்பவரையும் ஆறு பண்ணை முதலாளிகள் பிடித்துக்கொண்டு போய் மரத்தில் தூக்கிலிட்டார்கள். எல்லா வாட்சன் செய்த குற்றம், ஒரு பெண் பிள்ளை தன் பேரில் நிலத்துக்கு மனுப் போட்டு, சில மாடு வைத்திருந்தது. அவெரெல் செய்த குற்றம், பெரிய பண்ணைக்காரர்களைப் பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியது. அவர்கள் நிலம் ஆல்பர்ட் பாத்வெல் என்ற முதலாளியின் மேய்ச்சலுக்கு நடுவே, தண்ணீர் ஓடும் இடத்தில் இருந்தது.

தூக்கில் போட்டது போதாது என்று, ஷையன் நகரப் பத்திரிகைகள் அந்தப் பெண்ணை மாட்டுத் திருடி என்றும், கூசாமல் நடத்தை கெட்டவள் என்றும் எழுதின. அத்தனையும் பொய் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆறு பேரும் கைதாகி உடனே ஜாமீனில் வெளியே வந்தார்கள். சாட்சிகள் ஒருத்தர் பின் ஒருத்தராகக் காணாமல் போனார்கள், செத்தும் போனார்கள். வழக்கு நிற்கவில்லை. கடைசியில் அந்த நிலம் யாருக்குப் போனது தெரியுமா? பாத்வெல்லுக்கே!

செத்தவளுக்குத் திருடி என்று பேர். நிலத்தை எடுத்தவனுக்குக் கனவான் என்று பேர்.

யார் இந்த கேன்டன்?

இப்போது நம்ம ரிவால்வர்காரனிடம் வருவோம்.

கேன்டன் அவனுடைய நிஜப் பேரே இல்லை. ஜோசையா ஹார்னர் என்பது பெற்றவர்கள் வைத்த பேர். டெக்சாசில் பேங்க் கொள்ளை அடித்து, ஆளைக் கொன்று, ஜெயிலில் இருந்து தப்பி ஓடி, பேரை மாற்றிக்கொண்டவன். ஓடி வந்த திருடனுக்கு வயோமிங்கில் என்ன வேலை கிடைத்தது? திருடனைப் பிடிக்கும் வேலை! முதலாளிகள் சங்கத்தின் துப்பறியும் ஆள். 1882-ல் ஜான்சன் கவுண்டிக்கு (கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி) ஷெரீப்பாகவே ஆகிவிட்டான். அந்தப் பதவி போன பிறகு திரும்பவும் சங்கத்தின் கூலியாள். நேற்று சட்டத்தின் நட்சத்திரம் நெஞ்சில், இன்று கம்பெனியின் சம்பளம் பையில். ரிவால்வர் மட்டும் அதே இடுப்பில்.

1891 நவம்பர் 1. விடியற்காலை. பவுடர் ஆற்றங்கரைக் குடிசை ஒன்றில் நேட் சாம்பியன் தூங்கிக்கொண்டிருந்தார். மாடு மேய்த்துப் பிழைக்க வந்து, சொந்தமாகச் சின்ன மந்தை வைத்தவர். யாருக்கும் தலை குனியாதவர். ஒரு சின்னக் கும்பல் துப்பாக்கியோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. சாம்பியன் தலையணைக்கு அடியில் இருந்த தன் ரிவால்வரை எடுத்துத் திருப்பிச் சுட்டார். வந்தவர்கள் மேல்கோட்டையும் துப்பாக்கியையும் போட்டுவிட்டு ஓடினார்கள். அந்தக் கும்பலில் கேன்டன் இருந்தான் என்பதுதான் வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலோரின் கருத்து.

அந்த மாசம் முடிந்து டிசம்பர் பிறந்த நாட்களில் இரண்டு சின்ன விவசாயிகள் வழியில் மறைந்திருந்து கொல்லப்பட்டார்கள். ஒருவர் ஜான் டிஸ்டேல். குடும்பத்துக்குச் சாமான் வாங்கி, பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பொம்மையும் வாங்கி, வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். முதுகில் சுட்டார்கள். ஊரே கேன்டன் பேரைச் சொன்னது. கோர்ட்டு விசாரித்து விட்டுவிட்டது. ஊர் விடவில்லை, அவன் ஊரைவிட்டு நழுவினான்.

‘சமாதானம் செய்பவன்’ முதுகுக்குப் பின்னால் இருந்து செய்த சமாதானம் இப்படித்தான் இருந்தது!

அவர்கள் பயந்தது எதுக்கு?

ஆளைக் கொன்றாலும் விவசாயிகள் கலையவில்லை. 1891-92 குளிர்காலத்தில் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். வடக்கு வயோமிங் விவசாயிகள் மற்றும் கால்நடை வளர்ப்போர் சங்கம் என்று பேர். வரும் வசந்தகாலத்தில், முதலாளிகள் மாடு திரட்டுவதற்கு ஒரு மாசம் முன்னதாகவே நாங்களே திரட்டுவோம் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். அதை முன்நின்று நடத்தும் பொறுப்பு நேட் சாம்பியனுக்கு.

இதுதான் முதலாளிகளுக்குப் பொறுக்கவில்லை. ஒருத்தன் ஒரு கன்றுக்குச் சூடு போட்டால் திருட்டு வழக்குப் போடலாம். நூறு பேர் கூடி, தேதி அறிவித்து, பட்டப்பகலில் தங்கள் மாட்டைத் தாங்களே எண்ணினால் என்ன வழக்குப் போடுவது? எண்ணும் அதிகாரமே போய்விடுமே!

எண்ணுகிறவன் கையில்தான் சொத்து. எடை போடுகிறவன் கையில்தான் விலை. நெல் மூட்டையைச் சுமந்துகொண்டு போய்த் தராசு முன்னே நின்றவனுக்கு இது தெரியும்.

1892 ஏப்ரல் 5. ஷையனில் இருந்து ஒரு ரயில் ஜன்னல் திரை போட்டு ரகசியமாகக் கிளம்பியது. உள்ளே ஐம்பது பேர் போல. பாதிக்குப் பாதி முதலாளிகளும் அவர்கள் ஆட்களும். மீதி டெக்சாசில் இருந்து கொண்டுவந்த கூலித் துப்பாக்கிக்காரர்கள். மாநில செனட்டர் இருந்தார். மாநில நீர் ஆணையர் இருந்தார். ஒரு டாக்டர் இருந்தார். இரண்டு பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள். தலைமை மேஜர் ஃபிராங்க் வால்காட். கூடவே நம்ம கேன்டன். காஸ்பர் ஊரில் இறங்கி, தந்திக் கம்பியை அறுத்துவிட்டு, நூறு மைலுக்கு மேல் வடக்கே இருக்கும் பஃபலோ ஊரைப் பார்த்துக் குதிரையில் கிளம்பினார்கள்.

கூலி எவ்வளவு? ஆளுக்கு நாளொன்றுக்கு 5 டாலர். ஒரு தலைக்கு 50 டாலர் மேல்வரும்படி. மாட்டுக்கு விலை பேசுகிற மாதிரி மனுஷனுக்கு விலை பேசினார்கள்.

கேன்டனின் கைப்பை

பின்னால் கேன்டனின் கைப்பை ஒன்று பிடிபட்டது. அதுக்குள் என்ன இருந்தது? தோட்டாவா? இல்லை. காகிதம்! சுட்டோ தூக்கிலிட்டோ கொல்ல வேண்டிய 70 பேரின் பட்டியல். கூலி இவ்வளவு என்ற ஒப்பந்தக் கணக்கு.

விவசாயிகளே, இதுதான் நாம் இந்தத் துண்டுப் பிரசுரத்தில் சொல்ல வந்த சேதி. எல்லாரும் அவன் இடுப்பைப் பார்த்துப் பயந்தார்கள். பயப்பட வேண்டியது அவன் பையைப் பார்த்து. இடுப்பில் இருந்ததில் ஆறு தோட்டாதான். பையில் இருந்ததில் எழுபது உயிர்.

அந்தப் பட்டியலை கேன்டன் ஒருத்தனே தனியாக உட்கார்ந்து எழுதியிருப்பானா? சட்டத்தில் எழுதி, வாரியத்தில் எழுதி, பத்திரிகையில் எழுதி, கடைசியில் அவன் பைக்கு வந்தது. சங்கம் ‘கறுப்புப் பட்டியல்’ என்றது. வாரியம் ‘சந்தேகத்துக்கு உரியவர்’ என்றது. பத்திரிகை ‘திருடன்’ என்றது. இத்தனை பேர் எழுதி முடித்த பிறகு, அடியாளுக்கு மிச்சம் இருந்த வேலை விசையை இழுப்பது மட்டும்தான்.

ஏப்ரல் 9. பட்டியலில் முதல் இலக்கு கேசி பண்ணையில் இருந்த நேட் சாம்பியன். கூட இருந்தவர் நிக் ரே. முந்தின ராத்திரி தங்க வந்த வேட்டைக்காரர்கள் இருவர் காலையில் வெளியே வந்தபோது பிடித்துவைத்துக்கொண்டார்கள். அடுத்து வெளியே வந்த நிக் ரேயைச் சுட்டார்கள். சாம்பியன் குண்டு மழையில் அவரை உள்ளே இழுத்துப் போட்டார். நிக் ரே உள்ளேயே செத்துப்போனார். ஐம்பது பேரை ஒற்றை ஆளாக நாள் முழுக்கத் தடுத்து நிறுத்தினார் சாம்பியன். இடையிடையே ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தில் நடப்பதை எழுதிவைத்தார். சாயங்காலம் வண்டியில் வைக்கோலும் விறகும் ஏற்றி, தீ வைத்து, வீட்டின் மேல் தள்ளினார்கள். புகையில் இருந்து வெளியே ஓடினார். சுட்டுத் தள்ளினார்கள். பிணத்தின் மேல் ‘மாட்டுத் திருடர்களே எச்சரிக்கை’ என்று ஒரு சீட்டையும் குத்தினார்கள். அங்கேயும் காகிதம்!

ஊர் கூடியது

சாம்பியன் ஒரு நாள் தாக்குப்பிடித்தார் பாருங்கள், அந்த ஒரு நாள்தான் மற்றவர்களைக் காப்பாற்றியது. அந்த வழியாக வந்த ஜேக் ஃபிளாக் என்ற சின்ன விவசாயி தப்பிப் போய்ச் சேதி சொன்னார். பஃபலோ ஊர் கிளம்பியது. கடைக்காரர் கடையைத் திறந்துவிட்டார். ஷெரீப் ஆங்கஸ் ஊர்ப்பக்கம் நின்றார். பக்கத்துப் பண்ணைகளில் இருந்து ஆள் வந்துகொண்டே இருந்தது. இருநூறுக்கு மேல் சேர்ந்தார்கள். வேட்டைக்கு வந்தவர்கள் டிஏ பண்ணைக்குள் ஓடி ஒளிந்தார்கள். ஏப்ரல் 11 முதல் 13 வரை முற்றுகை. கூலிப்படையில் இரண்டு பேர் இந்தப் படையெடுப்பில் பட்ட காயத்தால் செத்தார்கள். இரண்டும் எதிரி சுட்டு வந்த காயம் அல்ல; தங்கள் கைத் துப்பாக்கி தவறி வெடித்து வந்தது!

ஊர் ஜெயிக்கும் நேரத்தில் என்ன ஆனது? தந்திக் கம்பி ஒட்டவைக்கப்பட்டது. ஏழை வீட்டைக் கொளுத்தும்போது வேலை செய்யாத தந்தி, முதலாளி மாட்டிக்கொண்டதும் வேலை செய்தது. கவர்னர் அமோஸ் பார்பர், ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசனுக்குத் தந்தி அடித்தார். ‘ஜான்சன் கவுண்டியில் கலகம்’ என்றார். கலகம் செய்தது யார்? குதிரைப்படை வந்தது. கொலைகாரர்களை ஊரிடம் இருந்து காப்பாற்றிக் கூட்டிக்கொண்டு போனது. ஷெரீப் ‘என் கைதிகளை என்னிடம் கொடு’ என்று கேட்டும் கொடுக்கவில்லை.

பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். கைதிகளைச் சொகுசாகக் காவலில் வைத்த செலவு யார் தலையில்? ஜான்சன் கவுண்டி மக்கள் தலையில்! கொல்ல வந்தவனுக்குச் சாவு வீட்டுக்காரன் சோறு போட வேண்டும். நேரில் பார்த்த சாட்சிகளான அந்த வேட்டைக்காரர்கள் இருவரையும் மாநிலத்தை விட்டே கடத்திவிட்டார்கள். கவுண்டியிடம் வழக்கு நடத்தக் காசில்லை. 1893 ஜனவரியில் வழக்குத் தள்ளுபடி. ஒருத்தனுக்கும் ஒரு நாள் தண்டனை இல்லை.

கூலிக்காரனுக்குக் கயிறு, முதலாளிக்கு?

கேன்டன் என்ன ஆனான்? நல்லா இருந்தான்! ஓக்லஹோமாவுக்குப் போய் அரசாங்க மார்ஷல் ஆனான். 1896-ல் பானி ஊர்த் தெருவில் இன்னொருவனை ரிவால்வர் எடுத்துச் சுட்டுக் கொன்றான். 1907-ல் ஓக்லஹோமா மாநிலமானதும் அதன் தேசியக் காவல்படைக்கே தலைமை அதிகாரி ஆக்கினார்கள். 1927-ல் வயசாகிச் செத்தான்.

எல்லா அடியாளுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அதே வயோமிங்கில் டாம் ஹார்ன் என்று ஒருத்தன். பெரிய பண்ணைகளுக்காகச் சின்னக் குடியானவர்களை மறைந்திருந்து சுடுவதாகப் பேர் எடுத்தவன். 1901 ஜூலையில் வில்லி நிக்கெல் என்ற 14 வயசுப் பையன் சுட்டுக் கொல்லப்பட்டான். ஆடு மேய்க்கும் குடியானவர் வீட்டுப் பிள்ளை. அந்தக் கொலைக்காக 1903 நவம்பரில் ஹார்னைத் தூக்கில் போட்டார்கள். அந்த ஒரு கொலையை அவன்தான் செய்தானா என்று இன்னமும் விவாதம் நடக்கிறது. ஆனால் அவனுக்கு வருஷக்கணக்கில் கூலி கொடுத்தவர்களில் ஒருத்தர்கூடக் கூண்டில் ஏறவில்லை என்பதில் விவாதமே இல்லை.

தடிக்குத் தண்டனை, தடியைப் பிடித்த கைக்கு மாலை.

அதனால் அந்த விவசாயிகள் தோற்றார்களா? இல்லை. பட்டியலில் 70 பேர்; படையெடுப்பில் கொல்ல முடிந்தது இரண்டு பேரை. அந்த வருஷம் நவம்பர் தேர்தலில் ஜனங்கள் கவர்னர் பார்பரின் கட்சியைத் தோற்கடித்து எதிர்க்கட்சி ஆளைக் கவர்னர் ஆக்கினார்கள். 1894-ல் ஏசா மெர்சர் என்ற பத்திரிகைக்காரர், முன்னே முதலாளிகள் பக்கம் எழுதியவர், மனசு மாறி நடந்ததையெல்லாம் பேர் போட்டுப் புத்தகமாக எழுதினார். சின்ன விவசாயிகள் அந்த மண்ணை விட்டுப் போகவில்லை. இன்று பஃபலோ ஊரில் வெண்கலச் சிலையாக நிற்பது கேன்டன் இல்லை; நேட் சாம்பியன்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

துப்பாக்கிக்குத் துப்பாக்கி என்று நாம் சொல்லவில்லை. சாம்பியனிடமும் துப்பாக்கி இருந்தது. ஒரு விடியற்காலை அது அவரைக் காப்பாற்றியது. அடுத்த தடவை காப்பாற்றவில்லை. மற்ற அறுபத்தெட்டுப் பேரைக் காப்பாற்றியது ஊர் கூடியது. ஆகையால்:

ஒன்று. வாசலில் வந்து மிரட்டுகிறவனின் மீசையைப் பார்க்காதீங்க. ‘உன்னை அனுப்பினது யாரு? எழுத்துல காட்டு’ என்று கேளுங்க. அவன் பையில் இருக்கிற காகிதத்தில் யார் கையெழுத்து என்று பாருங்க. படிக்கத் தெரியாவிட்டால் படித்த பிள்ளையைக் கூப்பிடுங்க. வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்காதீங்க.

இரண்டு. நம்மில் ஒருத்தனை ‘திருடன்’, ‘ஏமாற்றுக்காரன்’ என்று ஒரு பெரிய இடம் சொன்னால், மற்றவர்கள் ஒதுங்கி நிற்காதீங்க. தப்பு செய்திருந்தால் விசாரிக்கட்டும், சாட்சியோடு சொல்லட்டும். விசாரணைக்கு முன்னே பேரைக் கெடுப்பது, நாளைக்கு நிலத்தை எடுப்பதுக்கு இன்றைக்குப் போடும் அச்சாரம்.

மூன்று. நம்ம விளைச்சலை நாமே எண்ணுவோம், நாமே எடை போடுவோம், நாமே எழுதி வைப்போம். சாம்பியன் குண்டு மழையிலும் எழுதினார். நாம் நிழலில் உட்கார்ந்து எழுத மாட்டோமா?

நான்கு. சேதி சொல்லத் தயங்காதீங்க. ஒரு வீட்டு வாசலில் ஆள் வந்து நின்றால், அஞ்சு நிமிஷத்தில் தெருவே வந்து நிற்க வேண்டும். தனியாக இருப்பவனைத்தான் பட்டியலில் முதலில் எழுதுவார்கள்.

பழைய ரிவால்வரைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கட்டும். லட்சக்கணக்கில் ஏலம் கேட்கட்டும். அது நமக்கு வேண்டாம். அந்தக் கைப்பை மட்டும் எந்தக் கண்ணாடிப் பெட்டிக்கும் போய்ச் சேரவில்லை. கை மாறி மாறி இன்னமும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறது. அதைத் திறந்து படிக்கிற வேலை நம்முடையது.

பட்டியல் போடுகிறவனுக்கு நாம் எழுபது பேர் எழுபது தனிப்பேர்.
கூடி நின்றால் எழுபதும் ஒரே பேர்: விவசாயி!

ஒன்றுபடுவோம்! எண்ணுவோம்! எழுதுவோம்! வெல்லுவோம்!

இவண்,
விவசாயிகள் சங்கம்